கும்மிடிப்பூண்டியில் நான் ஏறாத குதிரை

இந்த நிகழ்ச்சிகள் நடந்த காலத்தில் நான் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் கேப்டனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறியவன். கிழக்கு எல்லைப் போரில் ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்ததற்காக வீரப் பதக்கம் பெற்றிருந்தேன். என் தந்தை விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அறுபதுகளின் முற்பகுதியில் மாநில அமைச்சராக இருந்தவர். திருவள்ளூர் ரயில் நிலையத்தில் இறங்கி எந்த வண்டிக்காரரிடம் கேட்டாலும் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார். இவற்றைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. எங்களுக்கு இழப்பதற்கு என்ன இருந்தது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

நான் ராணுவத்தில் சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அமாவாசை தோறும் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஆயிரக்கணக்கில் மக்கள் வருவார்கள். கரைத்து முடித்த கையோடு அமைச்சர் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போவது அவர்களது வழக்கம். நோய் தீரப் பெருமாளையும், மகனுக்கு வேலை கிடைக்க என் தந்தையையும் வேண்டிக்கொள்வார்கள். தந்தையார் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஓர் அமாவாசை மாலையில் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ராணுவத் தேர்வுக்குச் செல்லப்போவதாக அவரிடம் தெரிவித்தேன்.

"ஊருக்கெல்லாம் சிபாரிசு சொல்லிவுட்டாச்சி. உனுக்கு மட்டும் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நானும் கேக்கல நைனா."

"அப்ப போய் வா."

எங்கள் இருவருக்குள்ளும் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். தேர்வுக் குழுவினர் தந்தையின் தொழில் என்ன என்று கேட்டபோது விவசாயம் என்றேன். ஆர்.கே.பேட்டைக்கு அருகே எங்களுக்கு வேர்க்கடலை விளையும் நிலம் இருந்தது. ஆகவே அது பொய்யன்று.

போரைப் பற்றி விரிவாக எழுதும் பழக்கம் எனக்கில்லை. எதிரிகள் அக்கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கையில் நானும் என் பிரிவினரும் மிதவைகளை ஒன்றோடொன்று பிணைத்தோம். விடியும்போது எங்கள் படை அவற்றின் மீது ஆற்றைக் கடந்தது. பதக்கம் அதற்காகத்தான். ஆனால் திருவள்ளூர்க்காரர்களுக்கு இது போதவில்லை. விடுப்பில் வந்த அன்றே மணவாள நகரில் முடிவெட்டிக்கொள்ளச் சென்றேன். சவரக் கத்தியைத் தீட்டியபடி கடைக்காரர் கேட்டார்.

"சார், மொத்தம் எத்தினி பேர சுட்டீங்க?"

"ஒருவரையும் சுடவில்லை. பாலம் கட்டினோம்."

கத்தி தீட்டும் ஓசை நின்றது. "பாலமா? நம்ம காண்ட்ராக்டரு கூடத்தான் கட்றாரு. அவருக்கு இன்னா மெடலா குட்த்தாங்க?"

காத்திருந்தவர்களில் ஒருவர், "அவருக்கு மெடல் வாணாம்பா. பில்லு பாஸானா போதும்" என்றார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சொன்னது தவறென்று மறுக்கவும் இயலவில்லை.

நான் விடுப்பில் வந்த வேளையில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஓர் இடைத்தேர்தல் வந்திருந்தது. சில ஆண்டுகளாகப் பதவியின்றி இருந்த என் தந்தை அதில் மீண்டும் நின்றார். அந்தப் பகுதிக்காரர்களிடம் அவருக்குச் செல்வாக்கும் உண்டு. ஒரு கறையும் உண்டு. அமைச்சராக இருந்த நாளில் அங்குள்ள ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாக வாக்களித்திருந்தார். இரண்டு முறை அடிக்கல்லும் நாட்டினார். பாலம் வரவில்லை. மழைக்காலத்தில் அக்கரைக் கிராமத்தார் படகில்தான் வந்து போனார்கள். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த இளைஞர்கள், ஆற்றில் வெள்ளம் வந்தால் வேலைக்கே போக முடியாது என்று முணுமுணுத்தார்கள்.

கல்கத்தாவிலிருந்து நான் வந்த ரயில் கும்மிடிப்பூண்டியை மெதுவாகக் கடந்தது. அப்போது நிலையத்துக்கு எதிரே மிக உயரமான கட்-அவுட் ஒன்றைக் கண்டேன். பனைமர உயரத்தில், போலீஸ் தொப்பியுடன், உருவிய வாளுடன், வெள்ளைக் குதிரை மீது ஒருவர் வீற்றிருந்தார். மார்பு நிறையப் பதக்கங்கள். தோளில் என் தந்தையாரின் கட்சித் துண்டு. எதிரே அமர்ந்திருந்த பயணி அது யாரென்று என்னிடம் கேட்டார். "உள்ளூர் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் பணியிலிருக்கும் ராணுவ அதிகாரி எந்தக் கட்சியின் பிரசாரத்திலும் தலைகாட்டக் கூடாது. அது சட்டம். அதற்கும் மேலாக, என் படைப்பிரிவு பெங்களூருக்கு மாற்றலாகி, அடுத்த வாரம் அதே பாதையில் தனி ரயிலில் வரவிருந்தது. சென்னை மெயிலுக்கு வழிவிடுவதற்காக அந்த ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்னோடு தண்ணீரில் நின்றவர்கள் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், தங்கள் கேப்டன் கட்சித் துண்டு போர்த்திக்கொண்டு, செய்யாத வீரத்துக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். குதிரையின் காலடியில் எழுதியிருந்தது இதுதான்: ‘பகைவன் டாங்கிகளைப் பொடிப்பொடியாக்கிய மாவீரனைப் பெற்றெடுத்த தந்தைக்கே உங்கள் ஓட்டு.’

மறுநாளே பேருந்தில் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டேன். தேர்தல் வேலையை முன்னின்று நடத்திய அரிசி மண்டிக்காரர், ரயிலடிக்கு எதிரே தம் மண்டியிலேயே இருந்தார். என் தந்தையாருக்கு முப்பதாண்டு நண்பர், நல்ல மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கைகளைப் பற்றிக்கொண்டார்.

"வாங்க கேப்டன் தம்பி. பொம்மய பாத்தீங்களா? மெட்ராஸ்லேருந்து சினிமா ஆர்ட்டிஸ்ட கூட்டியாந்து போட்டோம்."

"பார்த்தேன். நான் டாங்கியைச் சுடவில்லை."

"அது உங்களுக்குத் தெரியும், எனுக்கும் தெரியும். ஓட்டு போட்றவனுக்கு அது இன்னாத்துக்கு?"

"பாலம் கட்டினேன் என்று எழுதியிருக்கலாமே."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னா தம்பி நீங்க. இந்த ஊர்ல பாலம்னு வாய தொறக்க முடியுமா? மவன் பாலம் கட்னான்னு சொன்னா, அப்பன் கட்றேன்னு சொன்ன பாலம் எங்கடான்னு கேட்பானா மாட்டானா? டாங்கின்னா ஒரு பேஜாரும் இல்ல. இந்த ஜில்லால எவனும் டாங்கிய பாத்ததில்ல."

என் பதக்கம் எதற்காக வழங்கப்பட்டதோ, அதுவே என் தந்தையின் தொகுதியில் உச்சரிக்கக் கூடாத சொல்லாக இருந்தது.

கட்-அவுட்டின் அடியில் ஓவியர் குதிரையின் குளம்புக்குக் கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். போலீஸ் தொப்பி எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"மில்ட்ரி டிரஸ் நான் எங்க சார் பாத்தேன்? எஸ்.ஐ. ஐயாதான் வந்து நின்னாரு. ரெண்டு நாளு வெயில்ல நின்னாரு பாவம், காலே வீங்கிப் பூட்ச்சி."

"குதிரை?"

"வீரன நடந்து வர்ற மாதிரியா சார் போடுவாங்க? இத்தாம் பெரிய பலவைல ஒத்த ஆளு நின்னா வெறிச்சோன்னு இருக்கும்."

"எனக்கு இருப்பது ஒரு பதக்கம். இங்கே எட்டு இருக்கிறது."

"நெஞ்சு பெருசா அமைஞ்சிட்ச்சி சார். ஒண்ண மட்டும் வெச்சா சட்ட பித்தான்னு நெனப்பாங்க."

தொழில் தெரிந்தவர் சொல்லும் காரணங்கள், மறுத்துப் பயனில்லை. ஆனால் இந்தத் தொப்பியால் வேறொரு குழப்பமும் விளைந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டரே தேர்தலில் நிற்கிறார் என்று பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பங்கள் வரை செய்தி பரவிவிட்டது. கடைத்தெருவில் அவரைக் கண்டவர்களெல்லாம், "ஐயா, ஒங்க சின்னம் இன்னா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை, தந்தையார் இட்லி சாப்பிடும் வேளையில் பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படாமல் பேசும் வேளை நாளில் அது ஒன்றுதான்.

"நைனா, அந்தப் பொம்மைய இறக்கணும்."

"எது, போலீஸ்காரன் மாதிரி ஒண்ணு நிக்குதே, அதுவா? நான் கூட எஸ்.ஐ.க்கு எதுக்குடா பொம்மன்னு நெனச்சேன். அம்மாதான் சொன்னா நீன்னு."

சட்னி கொண்டுவந்த அம்மா, "மூக்க வெச்சி கண்டுபுட்சேன்" என்றாள். "மீதி ஒண்ணும் ஒத்துவர்ல."

சட்டத்தை விளக்கினேன். ரயில் வரும் நாளைச் சொன்னேன். பொம்மை இறங்காவிட்டால் என் தளபதிக்கு நானே நடந்ததைத் தெரிவித்து விசாரணை கோரப்போவதாகவும் சொன்னேன். தந்தையார் இன்னோர் இட்லியை எடுத்து, வெகுநேரம் சட்னியில் புரட்டினார்.

"பொம்மய இறக்கினா ஏன் இறக்கினேன்னு கேட்பான். டாங்கி பொய்யின்னு ஒத்துக்கணும். அப்ப நெஜம் இன்னான்னு கேட்பான். நெஜம் பாலம்." தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "ஏம்பா, உனுக்கு மெடல் குட்த்தவங்க வேற எதுனா ஒண்ணுக்குக் குட்த்திருக்கக் கூடாதா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கண்களில் சிரிப்பு இல்லை. இந்தத் தேர்தலே தமக்குக் கடைசி என்று முன்பே சொல்லியிருந்தார். வெல்வதற்கு வாய்ப்பும் இருந்தது. அவருடைய கடைசி வெற்றியை விட்டுத்தரக் கேட்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வெள்ளிக்கெழம தொழிற்பேட்டையாண்ட மீட்டிங். வந்து கேளு. மேடை கிட்ட மட்டும் வராத" என்று கையலம்ப எழுந்தார். எதையும் வாக்களிக்கவில்லை.

இதற்குள் எதிர்த்தரப்பினர் ஏதோ ஒரு பத்திரிகையில் வெளிவந்த பதக்கச் செய்தியைப் படித்துவிட்டார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர்களுடைய வேட்பாளரே ஒலிபெருக்கியில் முழங்கினார். அவர் பேச்சுக்குப் பெயர்போனவர். அவர் சொன்னதை மறுநாள் தேநீர்க் கடையில் ஒருவர் எனக்கே நடித்துக் காட்டினார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"இன்னா சொன்னாரு தெரிமா? ‘புள்ள எவனோ ஊட்டு ஆத்துக்கு ராவோட ராவா பாலம் போட்டாரு. அப்பன் நம்ம ஆத்துக்குப் பத்து வருசமா போட்டுக்கினே கீறாரு. பேசாம புள்ளயவே நிக்க வெச்சிருந்தா, நாமகூட ஓட்டு போட்டிருக்கலாம்’ன்றாரு. கூட்டம் வுழுந்து வுழுந்து சிரிக்கிது சார்."

நல்ல வசை. எதிரி சொன்னதாயினும் அதன் கட்டமைப்பை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஆலைகளில் வேலை முடிந்த நேரம். டிபன் கேரியர்களுடன் வந்த தொழிலாளிகளும், அக்கரைக் கிராமத்தாரும், கட்சிக்காரர்களும் திடலை நிறைத்திருந்தார்கள். மேடையின் பின்னால் என் குதிரை. அதை மண்டிக்காரர் ரயிலடியிலிருந்து கூட்டத்துக்காகவே மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, திடலின் கோடியில் சுண்டல் விற்பவரின் வண்டியருகே நின்றேன். மண்டிக்காரர் முன்னுரையில் டாங்கிகளின் எண்ணிக்கையை மேலும் உயர்த்தினார். பிறகு தந்தையார் எழுந்தார்.

"மேல பாருங்க" என்று தொடங்கினார். எல்லோரும் பார்த்தார்கள். "அது என் மவன்னு சொல்றாங்க. என் மவன் குதிர ஏறினதில்ல. எட்டு மெடல் வாங்கல, ஒண்ணுதான். டாங்கி எதையும் சுடல. அவன் ஒரு பாலம் கட்டினான்."

மண்டிக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் உடனே எழுந்தது. அது எழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம பாலம் இன்னாச்சி நைனா?"

"வர்ல" என்றார் தந்தையார். "ரெண்டு வாட்டி கல்லு நட்டேன். ரெண்டு கல்லையும் ஆறு இஸ்துக்கினு பூட்ச்சி. மூணாவது கல்லு நட மாட்டேன். எவன் கட்டினாலும் சரி, கட்டி முடிச்சா எனுக்குச் சொல்லி அனுப்புங்க. நடந்து வந்து பாக்கறேன்."

சிரிப்பு அலைபோல் பரவியது. முதல் நாள் எதிர்க் கூட்டத்தில் சிரித்த அதே மக்கள்தான். சுண்டல்காரர் எனக்கு இரண்டாவது பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு, "பெரியவரு டெபாசிட்ட தூக்கி ஆத்துலயே போட்டாரு" என்றார்.

தந்தையார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கூறிய சொற்கள் இன்றும் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கின்றன. "என் மவன் சர்க்காரு சிப்பாய். எந்தக் கட்சிக்கும் அவன் ஆள் இல்ல, எனுக்கும் இல்ல. அவன் பேர சொல்லி எனுக்கு யாரும் ஓட்டு போட வாணாம். எம் பேருக்குப் போட மனசிருந்தா போடுங்க. இல்லன்னா பரவால்ல, கூட்டத்துக்கு வந்தீங்களே, அதுவே போதும்."

நான் கண்ணீர் விட்டதாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கமில்லை. சுண்டலில் மிளகாய் அதிகம் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

மறுநாளே பொம்மையை இறக்கிவிடும்படி தந்தையார் ஆணையிட்டார். ஆனால் அத்தனை பலகையையும் அத்தனை வண்ணத்தையும் விறகாக்க மண்டிக்காரருக்கு மனம் வரவில்லை. ஓவியரும் அவரும் கலந்துபேசி ஒரு வழி கண்டார்கள். பொழுது சாய்வதற்குள் என் முகம் மறைந்து அங்கே என் தந்தையின் முகம் வந்தது. மூக்குக் கண்ணாடி, நரைத்த மீசை எல்லாம் இருந்தன. எட்டுப் பதக்கங்களும் எட்டு ரோஜாப்பூக்கள் ஆயின. டாங்கி வாசகத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். குதிரையும் வாளும் போலீஸ் தொப்பியும் அப்படியே இருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் அன்றுதான் நிம்மதியாகக் கடைத்தெருவுக்கு வந்தாராம். பொம்மை மீண்டும் ரயிலடிக்குப் போயிற்று.

எங்கள் பிரிவின் தனி ரயில் வந்த நாளில் சீருடையணிந்து நடைமேடையில் நின்றேன். தோழர்கள் இறங்கி வந்தார்கள். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். தளபதி வடநாட்டவர், கடுமையான மனிதர். இளநீரை உறிஞ்சியவாறு எதிரே நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் தந்தை, ஐயா. தேர்தலில் நிற்கிறார்."

"குதிரைப்படையில் இருந்தாரா?"

"இல்லை, ஐயா. அவருக்குக் குதிரையேற்றம் தெரியாது."

தளபதி மறுபடியும் பார்த்தார். "ஆனால் நன்றாகவே அமர்ந்திருக்கிறார்" என்றார். அவர் நகைச்சுவையாக எதையும் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ரயில் புறப்பட்டது. என் பெயரில் ஒரு களங்கமும் இல்லாமல் நான் நடைமேடையில் நின்றேன்.

தேர்தலில் தந்தையார் தோற்றார். சுண்டல்காரர் அஞ்சியது போல் டெபாசிட் போகவில்லை. ஆனாலும் தோல்வி தோல்விதான். முடிவு தெரிந்த அன்று வீட்டுக்கு வந்த மண்டிக்காரர், "டாங்கியே இருந்திருக்கலாம் நைனா" என்று ஒரு முறை மட்டும் சொன்னார். தந்தையார் அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். பேச்சு கடலை விலைக்கு மாறியது.

வென்றவரின் நிலைதான் வேடிக்கையானது. பாலத்தைப் பற்றி அவ்வளவு கேலி பேசிவிட்ட பிறகு அவர் சும்மா இருக்க முடியவில்லை. போகுமிடமெல்லாம் அவர் வசையை அவருக்கே ஒப்பித்தார்கள். "இன்னா எம்மெல்லே, நீங்களும் போட்டுக்கினே கீறீங்களா?" இரண்டு மழைக்காலங்களுக்குள் பாலம் எழுந்தது. அவரே காரில் திருவள்ளூருக்கு வந்து என் தந்தையை அழைத்துச் சென்றார். இருவரும் மாலையுடன் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சேர்ந்து நடந்தார்கள். தந்தையார் நடுப்பாலத்தில் நின்று கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் கட்டியிருக்க" என்றாராம். என்னுடைய பாலத்தைப் பற்றி அவர் அவ்வளவு கூடச் சொன்னதில்லை.

அண்மையில் அப்பகுதியில் வெளியிடப்பட்ட விழா மலர் ஒன்றில், அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் சீருடையுடன் மேடையேறித் தந்தைக்காக வாக்குக் கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதே மலரில் மற்றொருவர், நான் சினங்கொண்டு பொம்மையைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்ததாக எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. நான் மேடையேறவில்லை. அன்று சீருடை அணிந்திருக்கவில்லை. பொம்மையைத் தொடவில்லை. வாக்குக் கேட்கவும் இல்லை. அந்தத் தொகுதியில் எனக்கு வாக்கும் இல்லை.